சுவரோரம் என் இடம்

பிப்ரவரி 4, திங்கள். எடின்பரோ.

காலையிலிருந்து ஆலங்கட்டி மழை. கோர்ட்டில் எனக்கு இன்று வேலை இல்லை. வழக்கம்போல் நினியன் பிரிங்கிளும் நானும் பெரிய மண்டபத்தில் நடந்தோம். இங்கே வக்கீல்கள் ரகசியம் பேசுவது நடந்துகொண்டேதான். நின்று பேசினால் எவனாவது காதைக் கொண்டுவந்து வைப்பான். இரண்டிரண்டு பேராக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. கோடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி திரும்ப வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பினால் உன்னோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாகக் கணப்புச் சுவரோரம் நான், வெளிப்பக்கம் அவன்.

கிழவர் கார்ஃப்ரே ஈஸ்டரோடு நீதிபதி வேலையை விடுகிறார். அந்த நாற்காலிக்குப் பெயர் எழுதி அனுப்புவது அரசின் தலைமை வழக்கறிஞனான என் பொறுப்பு. நினியனிடம் சொன்னேன்.

"இந்தத் தடவை நீதான்டா."

அவன் நின்றேவிட்டான். பின்னால் வந்த ஜோடி எங்கள்மேல் மோதியது.

"விளையாடாத வால்டர். ரெண்டு தடவை எவனோ அரசியல்காரன் தட்டிட்டுப் போயிட்டான். எனக்கு மேடையும் தெரியாது, கட்சியும் தெரியாது."

"சட்டம் தெரியும்ல? என் வாயால சொல்றேன், நீதான்."

கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான். சளி பிடித்திருக்கிறதாம். எனக்குத் தெரியாதா இவனை! நான் எம்.பி.யாகி லண்டனே கதி என்று கிடந்தபோது, என் வழக்குகளை ஒன்றுவிடாமல் நடத்திக் கொடுத்தவன் இவன்.

பிப்ரவரி 12

லண்டன். பார்லிமென்டில் மீன்வலைச் சட்டம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். மூன்றாவது ஆள் என் கட்சி.

பிப்ரவரி 22

ஆட்சி கவிழ்ந்துவிட்டது. மார்ச் நடுவில் தேர்தல். தொகுதிக்குப் போனேன். துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் கீறிக்கொண்டிருந்த ஒருத்தி தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டாள்: "ஓட்டு வேணும்னாத்தான் எங்க ஊருக்கு வழி தெரியுது, இல்ல?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தோற்றுவிடுவேன். சந்தேகமே இல்லை.

வீட்டில் என் மனைவி எல்ஸ்பெத்: "சீட்டும் போயிடும், உங்கள நம்பி கேஸ் கொண்டு வர்ற ஆளும் இல்ல. ஐம்பத்தெட்டு வயசுல கவுனை மாட்டிக்கிட்டு மண்டபத்துல சும்மா நடக்கப் போறீங்களா?"

"நினியனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்கல்லாம் அவங்கவங்க பேரைத்தானே எழுதிக்கிட்டாங்க? ஏன்னு யாராவது கேட்டாங்களா?"

கேட்கவில்லை. இங்கே அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மேடை மேடையாகக் கேலி செய்தவன் நான்.

மார்ச் 1

எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயரை.

மார்ச் 4

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக. அவன் பேச விட்டால்தானே! நீதிபதியானால் புதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம் அல்லவா, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டானாம்.

"லார்ட் வின்ரிக். எங்கம்மா பால் கறந்த பண்ணைடா. ஒரு நாள்கூட அவள முன்வாசல் வழியா உள்ள விட்டதில்ல. இப்ப அந்தப் பேரக் கூப்பிட்டதும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். நான் "நல்லா இருக்கு" என்றேன். நல்லா இருக்காம்! இந்த நாக்கை என்ன செய்வது?

மார்ச் 8

பேப்பரில் வந்துவிட்டது.

மண்டபத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஆளாளுக்குக் கையைக் குலுக்கினார்கள். நினியன் வந்தான். எப்போதும்போல் வெளிப்பக்கம் சேர்ந்துகொண்டு நடந்தான். பாதி தூரத்தில் கேட்டான்:

"பேரு என்ன வச்சுக்கப் போற?"

"இன்னும் யோசிக்கலடா. நினியன், நான் சொல்றதக் கொஞ்சம்—"

"வின்ரிக் மட்டும் வேணாம். அத விட்டு வை."

கோடி வந்தது. முதுகைக் காட்டித் திரும்பினான்.

இத்தனை பேர் பார்க்க! நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கணப்புக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

மார்ச் 19

எங்கள் ஆட்சியே திரும்ப வந்துவிட்டது. என் தொகுதியில் எனக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் நிறுத்திய கயிறு வியாபாரி ஜெயித்துவிட்டான். அந்த ஹெர்ரிங் பெண்கள்கூட அவனுக்குத்தான் போட்டார்களாம்.

அப்படியானால் நானும் ஜெயித்திருப்பேன். அப்படியானால் நினியனின் நாற்காலி— ஐயோ, எதுக்குடா இப்படிப் பறந்த? பதினெட்டு நாள் பொறுக்கக் கூடாதா?

எல்ஸ்பெத்மேல் எரிந்து விழுந்தேன். "நான் வாயால சொன்னேன். கையால எழுதுனது நீங்க" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு?

ஏப்ரல் 24

புது நீதிபதிக்கு வைக்கிற சோதனை முடிந்தது. வழக்குக் கேட்டு என் கருத்தைச் சொன்னேன். தகுதியானவன்தான் என்றார்கள் மூத்த நீதிபதிகள். சிவப்புச் சிலுவை தைத்த அங்கி தோளை அழுத்துகிறது. புதுப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கின்னியர் என்ற அப்பா பெயரே இருக்கட்டும் என்றுவிட்டேன். நினியன் வரவில்லை. வருவான் என்று எப்படி எதிர்பார்த்தேன்?

மே 10

நினியன் என் முன்னால் வாதாடினான். மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டும் பாதை பற்றிய தகராறு.

தலை குனிந்து, "மை லார்ட்" என்றான்.

"சொல்லுங்க மிஸ்டர் பிரிங்கிள்" என்றேன்.

என் விக் கோணலாக இருந்ததைப் பிறகு கண்ணாடியில் பார்த்தேன். பழைய நினியனாக இருந்தால் கண்ணாலேயே சொல்லியிருப்பான். இவன் என் தலைக்கு மேலிருந்த அரசுச் சின்னத்தைப் பார்த்தே பேசினான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குப் பிடிபடாத இடத்தை, பிடிபடவில்லை என்று நான் சொல்லாமலே இன்னொரு தடவை விளக்கினான். அவன் பக்கம்தான் நியாயம். அப்படியே தீர்ப்புச் சொன்னேன். குனிந்தான், காகிதங்களை அடுக்கினான், போய்விட்டான்.

மே 28

நீதிபதிகள் மண்டபத்தில் உலாவக் கூடாது. டவாலி மெக்ஃபை செங்கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, குறுக்கே கடந்து போகலாம். அவ்வளவுதான்.

போகும்போது மெக்ஃபை மெல்லச் சொன்னார்: "பிரிங்கிள் ஐயா இப்பல்லாம் யாரோடயும் சேர்றதில்லைங்க. நாலஞ்சு பேர் கூப்பிட்டுப் பாத்துட்டாங்க."

பார்த்தேன். தனியாக நடந்துகொண்டிருந்தான். வெளிப்பக்கமாகவே. கணப்புச் சுவருக்கும் அவனுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடம் காலியாக இருந்தது. என்னைக் கவனிக்கவில்லை. கோடிவரை போனான்.

சுவர்ப்பக்கமாக, அந்தக் காலி இடத்தைப் பார்த்துத் திரும்பினான்.

மெக்ஃபை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போனேன்.