வலது பக்கப் பெட்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையோ எழுதச் சொல்லி அடியில் குறி போட்ட கடிதம் இல்லை இது. என் கையால் நானே எழுதுகிறேன். மேலே மூலையில் ஒரு சிலுவை இருக்கிறது, பார்த்தாயா? அது கடிதம் தொடங்கும்போது எல்லாரும் போடுகிற சிலுவை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக நான் போட்டுவந்தேனே, அந்தச் சிலுவைக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது.

நான் நலம். பள்ளிக்கூடமும் நலம். வாசலும் மணியும் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தைய நாளே செய்தி சொல்லிவிடுகிறது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடிதமே அதற்காகத்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு மேல் விரல் இடம் கொடுப்பதில்லை. அதனால் வரிசையாகவே சொல்லிக்கொண்டு வருகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே.

முதலில் நல்ல செய்தி. போன வருடத்திலிருந்து புதன்கிழமைகளில் கடைசி மணி அடித்த பிறகு நூலக அம்மா எங்களுக்கு வகுப்பு நடத்துகிறார். எங்களுக்கு என்றால் சமையல்கட்டுப் பெண்கள் இரண்டு பேர், தோட்டக்காரர், நான். சேவை என்று பையன்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா, நாமும் செய்ய வேண்டாமா என்று அவரே ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவோம். நான்கு பேர் வயதையும் கூட்டினால் பள்ளிக்கூடத்தின் வயதைத் தாண்டிவிடும். தோட்டக்காரர் இன்னும் ‘ஐ’யிலேயே நிற்கிறார். இது எழுத்தா, வெட்டிப்போட்ட கொடியா என்று கேட்கிறார். நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஒரு நாள் நூலக அம்மா, “பெரியவரே, கொம்பு எங்க? கொம்பு போடுங்க” என்றார். சமையல்கார அம்மா சும்மா இருப்பாளா? “அவருக்குத்தான் தலையிலயே கொம்பு முளைச்சாச்சே டீச்சர். பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் இப்பல்லாம் டீயே குடிக்கிறார்” என்றாள்.

எனக்குப் புள்ளிதான் தகராறு. மெய்யெழுத்தின் தலையில் வைக்க மறந்துவிடுகிறேன். ‘மகன்’ என்று எழுதிக் காட்டினால், “பையன் வாயைத் திறந்துக்கிட்டே நிக்கிறான் பாருங்க, புள்ளி வச்சு மூடுங்க” என்கிறார். இந்தக் கடிதத்தில் விட்டுப்போன இடங்களில் நீயே வைத்துக்கொள்.

எழுத்துக் கூட்ட வந்ததும் முதல் வேலையாக உன் கடைசிக் கடிதத்தை எடுத்தேன். உன் அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. இரண்டு நாள் ஆயிற்று படித்து முடிக்க. நீயும் புள்ளி வைக்க மறக்கிறாய். ஏழு இடத்தில் இல்லை, எண்ணினேன். பள்ளி அலுவலகக் குமாஸ்தா ஐயா அன்றைக்கு எனக்காக வாசித்தபோது அது காதில் விழவில்லை.

உன் அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்குத் தெரிந்திருக்காது. காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பள்ளிக் கோயிலிலேயே பூசை வைத்தார்கள். மணியை நானே அடித்தேன். இதை உனக்கு எப்படி எழுதுவது என்று மூன்று நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான் வருகிறது.

அந்தக் கடிதம் வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். குருமடத்தை விட்டு வந்துவிட்டேன், வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். குமாஸ்தா ஐயா அலுவலக ஜன்னல் ஓரமாக நின்று சத்தமாக வாசித்தார். டிரில் மாஸ்டரும் இன்னும் இரண்டு வாத்தியார்களும் அங்கே இருந்தார்கள். வாசல்காரன் மகன் சாமியாராகப் போகிறான் என்று எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தவர்கள். பதில் எழுதுங்கள் என்றேன். என்னவென்று எழுத என்று கேட்டார். “எங்களைப் பொறுத்தவரைக்கும் அவன் செத்துட்டான்னு எழுதுங்க” என்றேன். “யோசிச்சுச் சொல்லுப்பா” என்றார். “யோசிச்சாச்சு” என்றேன். பிறகு பேனாவைத் திறந்தார்.

நான் சொன்னது ஒரு வரி. அவர் ஒரு பக்கம் நிறைய எழுதினார். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அடியில் சிலுவை போட்டு, தபாலில் சேர்த்தேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பதினோரு வருடம். குமாஸ்தா ஐயாவும் இப்போது இல்லை. அதனால் நான் உனக்கு என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

உன் அம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், “பிள்ளை பேரைக் கோயில் பெட்டியில போட்டுட்டு வாங்க” என்றாள். கோயில் வாசலில் இரண்டு மரப்பெட்டி உண்டே, நினைவிருக்கிறதா? வலது பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, இடது பக்கம் மரித்தவர்களுக்கு. விழுகிற பெயர்களை வெள்ளிக்கிழமைப் பூசையில் வாசிப்பார்கள். குமாஸ்தா ஐயா ஓர் அட்டையில் உன் பெயரை எழுதிக் கொடுத்தார். பெயர் மட்டும்தான். அடையாளத்துக்கு நான் ஒரு மூலையை வெட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வலது பக்கப் பெட்டியில் போடுவேன். பூசை முடிந்ததும் அட்டைகள் கூடைக்கு வந்துவிடும். மூலை வெட்டியதை எடுத்துக்கொண்டு வருவேன். முதலில் உன் அம்மாவுக்குப் பயந்து போட்டேன். பிறகு நானாகவே போட்டேன். பூசை நேரத்தில் நான் வாசலை விட்டு நகர முடியாது, தாமதமாக வருகிற பையன்களை யார் பிடிப்பது? அதனால் உன் பெயரை வாசித்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

இனிக் கோப்பை விஷயம். எட்டு வருடமாக விளையாட்டு விழாவில் நீண்ட ஓட்டத்துக்கு உன் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். டிரில் மாஸ்டர் ஏற்பாடு. அவருக்கு உன் கால் மேல் எப்போதும் ஒரு கண். ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொல்லி ‘நினைவுக் கோப்பை’ என்பார்கள். தூரதேசம் போன பிள்ளையை இன்னும் நினைக்கிறார்களே என்று நான் வாசலில் நின்று கைதட்டுவேன். ஒரு தடவை கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன். கணக்கு வாத்தியார் என் தோளைப் பிடித்து, “தைரியமான மனுஷன்யா நீங்க” என்றார். கைதட்டுவதற்கு என்ன தைரியம் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வருட விழாவுக்காகப் போன மாதம் கோப்பைகளைத் துடைத்தேன். கண்ணாடி அலமாரியில் ஐந்து இருக்கின்றன. வருடா வருடம் துடைப்பவன் நான்தான், ஆனால் இந்த வருடம்தான் படித்துக்கொண்டே துடைத்தேன். ஒன்று பழைய தலைமை ஃபாதர் நினைவாக. அவர் குழிக்கு நானும் மண் போட்டிருக்கிறேன். ஒன்று ஆற்றோடு போன விஞ்ஞான வாத்தியார் நினைவாக. அடுத்த இரண்டு பேரும் அப்படியே. ஐந்தாவதில் உன் பெயர். உலோகத்தில் செதுக்கிய உன் பெயரை நானே கூட்டிப் படித்தேன், மூன்று தடவை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு அதற்கு அடுத்த வார்த்தையைப் படித்தேன். மற்ற நான்கிலும் இருந்த அதே ‘நினைவாக’தான்.

மீதியையும் துடைத்து அலமாரியில் வைத்தேன். மூன்றாம் பாடவேளை மணிக்கு நேரமாகிவிட்டது. போய் அடித்தேன். எண்ணிக்கை தப்பவில்லை.

பிறகு மைதானத்துக்குப் போய் டிரில் மாஸ்டரிடம், என் மகன் செத்துட்டான்னு உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் வாயிலிருந்த விசிலை எடுக்கவே இல்லை. பக்கத்தில் வந்து மெதுவாக, “நீங்கதானே பெரியவரே வாராவாரம் பெட்டியில போடறீங்க” என்றார்.

கோயில் வாசலுக்கு வந்து பெட்டிகளைப் படித்தேன். வலது பக்கம், ‘மரித்த விசுவாசிகள்’. இடது பக்கம், ‘நோயாளிகள், பயணிகள்’. நீ அந்தக் கடிதம் எழுதிய வருடக் கடைசியில் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள், அப்போது பெட்டிகளைக் கழற்றியிருக்கிறார்கள். மாட்டும்போது பக்கம் மாறிவிட்டது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு எந்தப் பக்கம் இருந்தால் என்ன? யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் வலது பக்கம் என்றே போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணூறு பையன்களும் வெள்ளிக்கிழமைதோறும் உன் பெயருக்கு, நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீயும் அந்த பெஞ்சில் நின்று சொன்னவன்தான், எவ்வளவு சத்தமாகச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா பெயரை நான் இடது பக்கம் போட்டிருக்கிறேன், இரண்டு வருடமாக. மரித்தவர்களின் பெட்டி என்று நினைத்து. அங்கே எழுதியிருப்பதன்படி பார்த்தால், காய்ச்சல் குணமாக வேண்டி. கோயில் பிரதர் இப்போது சொல்கிறார், “துக்கத்துல மாத்திப் போடறீங்கன்னு நெனச்சு நானே எடுத்து அந்தப் பக்கம் வச்சுடுவேன்” என்று. அவளுக்கு ஒரு பிரதர் இருந்தார். உனக்குத்தான் யாரும் எடுத்து மாற்றவில்லை. அவள் இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பிறகு இன்னொரு பத்து நாள் பேசாமல் இருந்திருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சாப்பிடும்போது ருசி தெரிவதில்லை, அவ்வளவுதான். பிரதர் ஆறுதலாக, “ஆண்டவர் பெட்டியைப் பார்க்க மாட்டார் பெரியவரே, பேரைத்தான் பார்ப்பார்” என்றார். “அப்புறம் எதுக்கு பிரதர் ரெண்டு பெட்டி?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றைக்கே தலைமை ஃபாதரிடம் போய், பெயரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும், கோப்பையிலும் அந்த வார்த்தையை அழிக்க வேண்டும் என்றேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். “செஞ்சிடலாம். பையன் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. மணி அடிக்க நேரமாச்சு ஃபாதர் என்று எழுந்து வந்துவிட்டேன். நேரமாகவில்லை.

மறுநாள் அவரே வாசலுக்கு வந்து, உன் கம்பெனிக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றார். வேண்டாம் ஃபாதர், முதல்ல நான் எழுதறேன் என்றேன். அவர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லும். நான் கேட்டால் நீ சொல்ல வேண்டும்.

அதனால் கேட்கிறேன். உன் அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. நான்கு வெள்ளிக்கிழமையாக இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நிற்கிறேன், போடாமலே திரும்பி வருகிறேன். இரண்டிலும் போட்டுவிடுங்கள் என்கிறார் தோட்டக்காரர். அதற்கு நீ என்ன இரண்டு பேரா? விழாவும் முடிந்துவிட்டது. உன் கோப்பையை மட்டும் பெயர் சொல்லாமல் கொடுத்தார்கள். நான் கைதட்டவில்லை. எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

குமாஸ்தா ஐயா நான் சொன்னதையே எழுதிவிட்டாரா? அதனால்தான் பதினோரு வருடம் கோபமா? அப்படியானால் எனக்குச் சந்தோஷம் மகனே. கோபமாகவே இரு. அம்மா போனதை ஏன் உடனே சொல்லவில்லை என்று இதையும் சேர்த்துக் கோபப்படு. என்னைத் திட்டி எழுது. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது.

உறையின் மேல் இருக்கும் முகவரி எனக்குத் தெரியாத பாஷை. உன் பழைய உறையைப் பக்கத்தில் வைத்துப் படம் வரைவது போல வரைந்திருக்கிறேன். தபால்காரர் பார்த்துவிட்டு, போய்ச் சேரும் என்றார்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. உன் அம்மாவும் அதைப் பார்த்துக்கொள்வாள். நீ எழுதுகிற கடிதத்தை இனி யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டேன். உன் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது. ஒரு வரி போதும். புள்ளி வைக்காவிட்டாலும் படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தன் கையெழுத்தோடு,
உன் அப்பா