கத்திரி வெயிலில் ஹீட்டர்

அக்கா,

போன வாரம் ஊட்டியில் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று டிரைவர் ஹீட்டரைப் போட்டார். சூடேறிய தூசியும் பழைய ரப்பரும் கலந்த வாடை காலடியிலிருந்து எழும்பியது. "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். அவர் மிரண்டுபோய் வண்டியையே ஓரம் கட்டிவிட்டார். நான் ஹீட்டரைத்தான் சொன்னேன். நீ போய் இத்தனை வருடம் ஆன பிறகும், ஒரு வாடை என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வடலூர் சாலையில் போட்டுவிட்டது.

அந்தக் காரை நீ வாங்கி வந்த அன்றே நான் அதிர்ந்துதான் போனேன். மாமா தவறிய பிறகு, பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டை விருத்தாசலத்தில் நீ ஒருத்தியாகவே நடத்திக்கொண்டிருந்தாய். சரக்கு விஷயமாகக் கோத்தகிரிக்குப் போனவள், தேயிலைத் தோட்டம் ஒன்றில் கோணி போர்த்திக் கிடந்த ஒரு பழைய சீமைக் காரோடு திரும்பினாய். தெருவே கூடி நின்று பார்த்தது.

என்ஜினை நீ ஓடவைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஹீட்டரைச் சரிசெய்யக் கிளம்பினாயே, அதுதான் தாங்கவில்லை. இடது பக்கம் உட்காருபவரின் கால்மாட்டில் ஒரு தகரப் பெட்டி. என்ஜினின் கொதிநீர் அதற்குள் வந்து திரும்பும். ஒரு சின்ன மோட்டார் விசிறியைச் சுற்றி அந்தச் சூட்டைக் காருக்குள் தள்ளவேண்டும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகியதே தவிர, சுற்றவில்லை. இறுகிப்போயிருந்தது.

"குழாய ரெண்டையும் அடைச்சு வுட்டுடலாம்மா," என்றார் ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக். "நம்மூரு வெயிலுக்கு ஹீட்டரு எதுக்கு?"

"சுச்சுன்னு ஒண்ணு இருந்தா, போட்டா வேல செய்யணும். செய்யலன்னா அங்க எதுக்கு இருக்குது?" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிட் வாசலில் பெட்டியைக் கழற்றினோம். விசிறி இதழ்களுக்கு நடுவே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகும் மோட்டார் அசையவில்லை. அதன் தண்டு துருவேறி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, குறடால் பிடித்துத் திருப்பினாய். லேசாக நகர்ந்தது. நான் பேட்டரி வயரை வைத்ததுதான் தாமதம், குப்பென்று புகை கிளம்பி நெருப்பு எட்டிப்பார்த்தது. நான் வேப்பமரத்தடி வரை ஓடிவிட்டேன். நீ வயரைப் பிடுங்கி எறிந்து, ஒரு கை களிமண்ணை அள்ளி அதன் மேல் அப்பினாய்.

"மோட்டாரு செத்துது. வேற போட்டுக்கலாம், வா."

பழைய இரும்புக் கடையில், லாரி டிரைவர் தலைக்கு மேல் மாட்டும் குட்டி ஃபேனின் மோட்டார் கிடைத்தது. அதன் தண்டு மெலிசு, பழைய விசிறியின் துளை பெரிசு. இடைவெளியை அடைக்கப் பீங்கானில் ஒரு சின்ன வளையம் செய்து நம் சூளையிலேயே சுட்டாய். முதல் வளையம் சூட்டில் விரிசல் விட்டது. அடுத்தது அளவுக்கு மேல் சுருங்கிப்போனது. அதற்கடுத்தது கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டியைத் திரும்ப மாட்டி, என்ஜினை ஓடவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் முகத்தில் அனல் அடித்தது. நாம் இருவரும் சின்னப் பிள்ளைகள் போலக் கை தட்டினோம். ஊர் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அடுத்த கத்திரியில் என் மனைவிக்கு நாள் முந்தி வலி எடுத்தது. பிள்ளையின் நாடித்துடிப்பு குறைகிறது, உடனே கடலூருக்குக் கொண்டு போங்கள் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நீதான் காரை எடுத்து வந்தாய். அவள் பின்சீட்டில் படுத்துக்கொண்டாள், நான் உன் பக்கத்தில்.

நெய்வேலி தாண்டியதும் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. வடலூரை நெருங்கும்போது சிவப்பைத் தொட்டுவிட்டது. முன்னால் ஆவி கசிந்தது. நிறுத்தினால் ரேடியேட்டர் ஆறும் வரை மூடியைத் திறக்க முடியாது. அதுவரை பிள்ளை தாங்குமா? பின்னால் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

நீ கையை நீட்டி ஹீட்டரைப் போட்டாய்.

அடுப்பு வாயைத் திறந்ததுபோல் என் காலில் அனல் பாய்ந்தது. "அக்கா! பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?"

"கத்தாதடா. அது என்ஜின் சூட்டதான எடுத்து உள்ள தள்ளுது? அப்ப என்ஜினு ஆறணும்ல? கண்ணாடியெல்லாம் எறக்கு."

நான் பின்னால் திரும்பினேன். ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தவள் அதை விலக்கி, "அவரு பேச்சக் கேக்காதீங்க அண்ணி. வண்டிய நிறுத்தாம ஓட்டுங்க," என்றாள்.

வேகத்தைக் குறைத்து, மிதமாக ஓட்டினாய். முள் அப்படியே நின்றது. பிறகு, என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை, மயிரிழை மயிரிழையாகக் கீழே இறங்கியது. குறிஞ்சிப்பாடி போனது. கடலூர் வந்தது. அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

கழுத்தில் கொடி சுற்றிய பெண் பிள்ளையை அறுவை செய்து எடுத்தார்கள். அது அழுத சத்தம் கேட்டதும் நீ ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கிலேயே இன்னும் மடங்கியிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டேன்.

"இதுக்குதான் ஹீட்டர சரி பண்ணியா?" என்று கேட்டேன்.

"இல்லடா. முள்ளு ஏறுனப்பதான் தோணிச்சு. தப்பாவும் போயிருக்கலாம்."

எல்லாம் தெரிந்துதான் செய்தாய் என்று நினைத்திருந்தேன். நானும் உன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சில வருடம் கழித்து, பொங்கல் முடிந்த ஒரு காலையில் நீ போன் செய்தாய். "பொண்ண சாயங்காலம் வூட்டுக்கு அனுப்பு. முறுக்கு சுத்தி வெச்சிருக்கேன்." குரலில் ஒரு குறையும் இல்லை. மதியத்துக்கு முன்பே, நல்லூரில் என் ஆபீஸ் போனில் உன் சூளைக்காரர் அழைத்தார். டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோங்க... உசுரு இல்லன்னுட்டாங்க." உனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. காய்ச்சல் என்று நீ படுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

ரிசீவரை வைத்தேன். என் கை தானாகச் செல்போனை எடுத்து உன் எண்ணை அழுத்தியது. எது நடந்தாலும் முதலில் உன்னிடம்தானே சொல்வேன்? "அக்கா, இங்க என்னமோ சொல்றாங்க, நீ கொஞ்சம் வாயேன்" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு நின்றேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "சார், அக்கா போனு எங்கிட்டதான் இருக்குது," என்று சூளைக்காரர் அழுதார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்றும் நல்லதோ கெட்டதோ, வீட்டில் எது நடந்தாலும் என் விரல் உன் எண்ணைத்தான் அழுத்துகிறது. கடைசி எண் வரை போய் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் நீ இல்லை என்ற செய்தி எனக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்கிறது, அக்கா.