அன்னாசி விழும் வேகம்

மச்சான்,

உன் பழைய கம்ப்யூட்டர் இப்போது என் காரின் பின்பெட்டியில் கிடக்கிறது. காய்கறிப் பையை வைக்க அதைத் திறக்கும்போதெல்லாம் கருகின வாடை அடிக்கிறது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "எதையாச்சும் எரிச்சு மறைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் வம்புக்கு நான் ஒருவன்தான் குத்தகைதாரன் என்று நினைத்திருந்தாயே, தப்பு.

எனக்கு அந்த வாடை பிடித்திருக்கிறது. செனாய் ஊர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஈயம் உருக்கிய காலத்து வாடை அது. ஈயத்தில் ஒட்டிய சிநேகம், சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிய வம்பில் கெட்டிப்பட்டது.

தொழிற்சாலை கழித்துப்போட்ட அந்த 486 கம்ப்யூட்டரை நீ வீட்டுக்குத் தூக்கிவந்து, அதில் நீயே ஒரு விளையாட்டு எழுதினாய். அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸ் ஊர்க்காரன் வேறு எதை எழுதுவான்? மேலே ஒரு லாரி ஓடும். அதிலிருந்து அன்னாசிப்பழம் விழும். கீழே ஒருவன் கூடையோடு ஓடிப் பிடிக்க வேண்டும். தவறினால் பழம் அவன் மண்டையில் விழும்.

"மண்ட யாருதுன்னு தெரியுதா?" என்று கேட்டாய்.

இரண்டு காதும் கூடையின் கைப்பிடி போல விறைத்து நின்றன. என் காது எனக்குத் தெரியாமல் இருக்குமா?

நீ செத்துப்போன பிறகும் உன் பெண்டாட்டி ஸ்டெல்லா தினமும் காலையில் அந்த மண்டையில் பழம் விழாமல் காப்பாற்றி வந்தாள். எனக்கு அது தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் போன் செய்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, அவரு பெட்டி டப்புன்னு வெடிச்சிருச்சி. பொகை வருது."

"ப்ளக்கைப் புடுங்கிட்டியாம்மா?"

"புடுங்கிட்டேன் லா. அது கெடக்கட்டும், என் ஆட்டம் என்னாவுறது? காப்பி ஆறதுக்குள்ள ஒரு ஆட்டம் போட்டாத்தான் நான் வேலைக்கே கெளம்புவேன்."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவள் அழவில்லை, ஆட்டத்தைக் கேட்டாள். வேறு வழி? உலு திராமில் இருக்கும் உன் வீட்டுக்கு என் புதுக் கம்ப்யூட்டரையே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும்தான் போனேன், உன்னிடம் மறைப்பானேன்.

உன் பெட்டியைத் திறந்து இரண்டு ப்ராசஸரையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரு பிஸ்கட் அளவுதான். உன்னுடையதன் தலையில் ஒரு விசிறிகூட இல்லை. என்னுடையது டிபன் கேரியர் அளவு விசிறியைச் சுமந்துகொண்டு, அப்படியும் சூடாகிறது. உன்னுடையது விநாடிக்கு மூன்று கோடிச் சொச்சம் தடவை துடிக்கும். என்னுடையது ஐந்நூறு கோடி. உன்னுடையது ஒற்றை ஆள். என்னுடையதற்குள் எட்டு ஆள் உட்கார்ந்து ஒரே சமயத்தில் வேலை பார்க்கிறார்கள். அந்த எட்டுப் பேரும், நான் ஒற்றை விரலால் கட்டுரை தட்டும்போது, அடுத்த எழுத்து எப்போது வரும் என்று கைகட்டிக் காத்திருக்கிறார்கள். புதுசு வாங்கும்போதெல்லாம் நீ கேட்பாயே, "வேகம் இருக்கு, சரி. வேல எங்கடா?" அந்த எட்டுப் பேரும் இப்போது அதையேதான் கேட்கிறார்கள்.

உன் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, விளையாட்டை என் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இந்தக் கிழட்டுப் பாஷை எனக்குப் புரியாது என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு வழிக்குக் கொண்டுவந்தேன். அதில் எவ்வளவு வேகத்தில் நடிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். என் கை சும்மா இருக்குமா? முழு வேகம் வைத்தேன்.

ஸ்டெல்லா காப்பியோடு வந்து உட்கார்ந்தாள். பட்டனைத் தட்டினாள். ஒரு மின்னல். ஆட்டம் முடிந்தது.

"என்னாண்ணே, லாரி கவுந்திருச்சா?"

தப்பு உன்னுடையது மச்சான். பழம் ஒரு படி இறங்கியதும், 'சும்மா எண்ணிக்கொண்டிரு, எண்ணி முடித்ததும் அடுத்த படி' என்று ப்ராசஸருக்குக் கட்டளை எழுதியிருந்தாய். அது எண்ணும் நேரம்தான் பழம் காற்றில் நிற்கும் நேரம். உன் 486 நிதானமாக எண்ணியது. என்னுடையது கண் இமைப்பதற்குள் எண்ணி முடித்து, மொத்தத் தோட்டத்தையும் என் மண்டையில் கொட்டியது. உலகத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் வரும் என்று உனக்குத் தோன்றவே இல்லை பார். கல்யாணம் செய்துகொண்டவன் புத்தி.

சரி, உன் 486-க்கு என்ன வேகம் என்று பார்த்து, அதே அளவை வைத்தேன். "இப்ப ஆடும்மா. அச்சு அசல் அவன் மெஷின்."

நாலு பழம் பிடித்தாள். ஐந்தாவது மண்டையில் விழுந்தது.

"இது அவரு மெஷின் இல்ல."

"கணக்குப்படி இதுதாம்மா."

"கணக்க நீங்களே வெச்சுக்குங்க. தெனம் ஆடுற கைக்குத் தெரியாதா?"

ஒரு பட்டனைத் தட்டத் தட்ட வேகம் குறையும். தட்டினேன். "இன்னும்" என்றாள். தட்டினேன். "இன்னும் லா." காப்பி ஆறிப்போனது. ஒரு கட்டத்தில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். பழம் கூடையில் ஒவ்வொன்றாக விழுந்தது. தோள் தளர்ந்தது. "இதான்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வேகத்தைப் பார்த்தேன். கணக்குக்குக் கால்வாசி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செத்துக் கிடந்த உன் பெட்டியை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம், சின்ன விளக்குகளுக்கு நடுவில், அந்தோணியார் படம் ஒட்டியிருந்தது.

"இது எப்பம்மா ஒட்டுனது?"

"கல்யாணம் ஆன புதுசுல. மெஷினு கெட்டுப்போவாம இருக்கட்டும்னு அவருதான் ஒட்டுனாரு. மேல கை வைக்காதன்னாரு."

நான் கை வைத்தேன். அந்தோணியாரின் வயிற்றில் ஒரு மேடு தட்டுப்பட்டது.

"அலமாக்!"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எந்த நாளில் மூடியிருக்கிறேன்?

"என்னா அது?"

"ஒண்ணுமில்லம்மா. லைட்டு பொத்தான்."

"அண்ணே, உங்களுக்கு வம்பு பேச மட்டுந்தான் வரும். பொய் சொல்ல வராது."

சொல்லிவிட்டேன். அந்தக் காலப் பெட்டிகளில் ஒரு வேகப் பொத்தான் உண்டு. உள்ளே அழுத்தினால் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும். வெளியே நின்றால் வேண்டுமென்றே மெதுவாக ஓடும். உன்னுடையது வெளியே நின்றது. ஸ்டெல்லா நகத்தால் படத்தைப் பதமாக உரித்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசையில் வைத்தாள், பிறகு பொத்தானை அழுத்தினாள். டக். உயிர் போன பெட்டியிலும் பொத்தான் நன்றாகத்தான் இருந்தது.

"சாமி படத்த வெச்சு ஏமாத்தியிருக்காரு மனுஷன்!"

எனக்கு முன்பு மாதாகோயில் கேண்டீனில் நடந்தது ஞாபகம் வந்தது. பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, "உங்க கூட்டாளி எழுதுன ஆட்டத்துல அவரு ரெக்கார்டையே ஒடைச்சிட்டேன்" என்று ஸ்டெல்லா ஊருக்கே அறிவித்தாள். நீ தலையைக் குனிந்து மீ கோரேங் தின்றுகொண்டிருந்தாய். தோற்றவன் முகம் என்று நினைத்து, நான் ஒரு வாரம் உன்னைக் கிண்டல் செய்தேன். அடப்பாவி, அது சிரிப்பை மென்று விழுங்கிய முகமா?

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுதாலும் கைக்குட்டை இருந்தது.

"கோயில்ல எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன்! வேகத்த ஏத்துங்கண்ணே."

"எதுக்கும்மா? இப்படியே சொகமா ஆடு. நீ ஜெயிக்கணும்னு அவன் ஆசப்பட்டுத்தானே..."

"அவரு ஆசப்பட்டாரு. என்னக் கேட்டாரா? பொத்தான அழுத்துன மெஷின்ல அவரு ரெக்கார்ட ஒடைக்கிறேன். அதுவரைக்கும் வேற பேச்சில்ல."

அப்படித்தான் என் எட்டு ஆட்களும் உன் வீட்டில் குடியேறினார்கள், உன் பெட்டி என் காருக்கு வந்தது. நான் இப்போது கட்டுரைகளைக் கைப்பேசியில் எழுதுகிறேன். பிழைகள் அதிகமாகிவிட்டன என்று பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார், அவை முன்பே இருந்தவை என்று நான் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் உலு திராமுக்குப் போய் வேகத்தை ஒரு தட்டு ஏற்றுகிறேன். முதல் வாரம் முக்கினாள், முனகினாள், அந்த மண்டையைப் பார்த்து என்னையே திட்டினாள். மூன்றாவது வாரம் கண்ணாடியை மாற்றினாள். இப்போது முக்கால் வேகத்தில் ஆடுகிறாள். உன் ரெக்கார்டுக்குப் பாதி தூரம் வந்திருக்கிறாள்.

நேற்றும் போயிருந்தேன். வழக்கத்துக்கு மேல் பிடித்துக்கொண்டே போனாள். உதட்டைக் கடித்திருந்தாள். நெற்றியில் வேர்வை. லாரி வேகமெடுத்தது, பழங்கள் இரண்டு இரண்டாக இறங்கின, அவள் கை திணறியது. எனக்குப் பார்க்க முடியவில்லை மச்சான். ஒரே ஒரு தட்டு குறைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? என் விரல் தானாக அந்தப் பட்டனுக்குப் போனது. அப்போதுதான் நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணே." அவள் திரும்பவே இல்லை. "கைய எடுங்க."

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்திருப்பது எவ்வளவு சிரமம் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும், நீதான் செய்ததே இல்லையே. அதை இனி நான் செய்கிறேன்.

பழம் என் மண்டையில் விழுந்தது. ஸ்டெல்லா விரல்களை உதறி நெட்டி முறித்தாள்.

"இன்னொரு ஆட்டம். ஒரு தட்டு ஏத்துங்க."

ஏற்றினேன்.