உங்கள் பெயரில் நான் எழுதிய பிழைகள்

உங்கள் போனின் உறை மூலையில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை. காலையில் அது சத்தம் போட்டால், எடுத்துத் தருவதற்காக என் கை இப்போதும் உங்கள் கண்ணாடியைத் தேடுகிறது.

ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிற எங்கள் வயல்காரரின் வட்ஸ்அப் குழுவில் யார் என்ன எழுதினாலும் நீங்கள் விடமாட்டீர்கள். இளவயதில் அச்சகத்தில் பிழை பார்த்த கண். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறக்கிற செய்தியோ, கலியாணவீட்டு அழைப்போ, உடனே கீழே உங்கள் திருத்தம் நிற்கும். "இஞ்சாருங்கோ, விளங்கினாப் போதாதோ?" என்று ஒருநாள் கேட்டேன். "வரம்பு கோணலாக் கிடந்தாலும் தண்ணி நிக்கும். எண்டாலும் நேராத்தானே கட்டுறம்," என்றீர்கள். சண்டைக்கால இடம்பெயர்வோடு ஐந்தாம் வகுப்பில் படிப்பு நின்றவள் நான். அதற்கு மேல் என்ன சொல்ல?

சொன்னது அதே வாய்க்காலில் வயல் செய்கிற பரமேஸ் அக்காதான். தன் வயல் வரம்பு உடைந்து, உரப்பசளை போட்ட தண்ணீரெல்லாம் பக்கத்து வயலுக்கு ஓடுகிறதென்று அவா பதறி எழுதியிருந்தா. நீங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தபடி அதில் இருந்த பிழைகளைத் திருத்திப் போட்டீர்கள். வேறு ஒருவரும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் செய்தி வந்தது.

"தம்பி, என்ரை எழுத்தைத் திருத்திப்போட்டாய், சந்தோசம். வரம்பை ஆர் கட்டுறது?"

உங்கள் முகம் கறுத்துப்போனது. மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனீர்கள். பொழுதுபட, இடுப்புவரை சேற்றோடு வந்து கிணற்றடியில் நின்று சொன்னீர்கள்: "இஞ்சேரும், முதல் வரம்பு. பிறகுதான் எழுத்து."

அதன்பிறகும் திருத்துவதை நீங்கள் விடவில்லை. ஆனால் முதலில் விசயத்தைக் கேட்பீர்கள். பிழையை அவரவருக்குத் தனியாக அனுப்புவீர்கள். உங்களுக்குப் பயந்து குரலிலேயே செய்தி அனுப்பிய சனம் மெல்ல மெல்ல மறுபடி எழுதத் தொடங்கியது. நான் மட்டும் எழுதவில்லை. "ஒரு வரி எழுதுமன்," என்று எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள். ஊரைத் திருத்துகிறவரின் மனிசிக்கே எழுதத் தெரியாதாம் என்று உங்களைப் பார்த்துச் சிரிப்பார்களே என்ற பயம் எனக்கு.

உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம், நெருங்கியது. குழுவுக்கு அறிவித்தல் போடவேண்டும். தான் எழுதித் தருவதாக மகள் வவுனியாவிலிருந்து சொன்னாள். வேண்டாமென்றேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி என்னிடம் நிலுவையில் கிடந்தது. மத்தியானம் முழுக்க ஒற்றை விரலால் குத்தி எழுதி, உங்கள் போனிலிருந்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, எல்லோருடைய போனிலும் அது உங்கள் பெயரில்தான் போய் நிற்குமென்று. உங்கள் பெயரில் என் பிழைகள். எனக்கு அதை அழிக்கவும் தெரியவில்லை.

முதலில் எழுதியது பரமேஸ் அக்கா. காரியத்தன்று தண்ணீர் தன் முறையாம். விடியவே பாய்ச்சிவிட்டு வருவாவாம். பூசணிக்காயும் கத்தரிக்காயும் தன்னுடைய பொறுப்பாம். பின்னாலே மற்றவர்கள். ஒருவர் சமைக்கிற கிடாரம், ஒருவர் விறகு. பிழையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பிறகு எனக்குத் தனியாக ஒன்று வந்தது. அக்கா என் அறிவித்தலை முழுதாகத் திருத்தி எழுதியிருந்தா. அடியில் இப்படி: "பிள்ளை, ஏலுமெண்டா மாத்திப் போடு. தம்பியின்ரை பேரிலை போறது, நேராக் கிடக்கட்டும்."

நீங்கள் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்து முடியமுன் அழுகையும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா திருத்தியதைக் குழுவில் மறுபடி போட்டேன்.

இந்த மடலையும் மகள் பார்த்துத் திருத்துவாள். திருத்தட்டும். நேராகக் கட்டுவது நல்லதுதான்.

நேற்று வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதென்று குழுவில் எழுதியது நான். அதிலும் பிழை இருந்ததாம். எல்லோரும் வயலுக்கு ஓடிப்போய்த் தண்ணீரைத் திருப்பி விட்டுவிட்டு, வந்து ஆற அமர அந்தப் பிழையைச் சொன்னார்கள்.