ராணியின் மணம் நின்றபோது

இன்று காலை மர்பி டவுன் முனையில், தள்ளுவண்டியில் ஏலக்கி வாழைப்பழம் அளவுக்கு மீறிக் கனிந்து கிடந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் இடது கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பழக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒருநாள் இதே வாசனை என் மணிக்கட்டிலிருந்தே எழுந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வாரத்தில் ஆறு நாள் கம்பெனி வேன் ஓட்டுவீர்கள். ஞாயிறென்றால் யார் வீட்டிலாவது கூடு கட்டிய தேனீக்களைக் கொல்லாமல் பெட்டிக்கு மாற்றப் போய்விடுவீர்கள். கல்யாணமான நாளிலிருந்தே உங்களுடைய அந்தப் பித்து எனக்குப் பிடித்ததே இல்லை. அன்று உங்கள் நண்பர் சேகருக்குக் காய்ச்சல், அதனால்தான் என்னை அழைத்துப்போனீர்கள். பொம்மனஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மோட்டார் அறையில் கிடந்த பழைய மரப்பெட்டிக்குள் ஏழு தேனடைகள். முந்தின நாள் யாரையோ கொட்டிவிட்டதால், குடியிருப்புச் சங்கச் செயலாளர் பூச்சி மருந்தடிப்பவரை வரவழைத்திருந்தார். அவர் பம்போடு வாசலில் நிற்க, நீங்கள் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினீர்கள்.

அடையை அறுக்கும்போது ஒன்று என்னைக் கொட்டியது. உடனே கனிந்த வாழைப்பழ வாசனை. இங்கே ஏது பழம் என்று யோசித்து முடிப்பதற்குள் இன்னும் நான்கு அதே இடத்தில் வந்து மொய்த்தன. ஓடப் பார்த்தேன்.

"ஓடாத. அந்த வாசனை உன்கூடவேதான் வரும்" என்றீர்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த புகைக்குடுவையால் மணிக்கட்டில் புகையை ஊதினீர்கள். "எதிரி இங்கதான் இருக்கான்னு மத்ததுங்களுக்கு அடையாளம் வச்சுட்டுப் போயிருக்கு."

புகையில் வாசனை மங்கியதும், வந்தவை எதற்கு வந்தோம் என்பதையே மறந்தவை போல எழுந்து பறந்தன. கை வீங்கிக்கொண்டிருந்தது. நானோ அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ராணியைப் பிடித்து, சிறு கூண்டில் போட்டு நம் பெட்டிக்குள் வைத்தீர்கள். பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் பெட்டி வாசலில் நின்று, வயிற்றைத் தூக்கிச் சிறகடித்தன. மணத்தை வீசி மற்றவற்றைக் கூப்பிடுகின்றன என்றீர்கள். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. ஆனால் சுவரிலும் குழாயிலும் அப்பிக்கிடந்த ஆயிரக்கணக்கானவை மெல்லத் திரும்பி, பெட்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தன. மருந்தடிக்க வந்தவர் பம்பைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். இவற்றுக்கு யார் வழி சொல்கிறார்கள் என்று செயலாளர் கன்னடத்தில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கோயிலில் நிற்பதுபோல நின்றிருந்தேன்.

போன ஆவணியில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து, மொட்டைமாடியில் இருந்த உங்கள் தேனீப் பெட்டியை எடுத்துப்போகச் சொல்லிச் சேகரை வரவழைத்தேன். அவர் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்தது வழக்கமான ரீங்காரம் இல்லை. நீண்ட முனகல்.

"ராணி இல்லக்கா. அதோட மணம் நின்னுட்டா கொஞ்ச நேரத்துலயே மொத்தக் கூட்டுக்கும் தெரிஞ்சிடும்" என்றார்.

பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி என்ன ஆகும் என்று கேட்டேன்.

"புழு இருக்கு. அதுல ஒண்ண ராணியா வளத்துக்கும். இப்ப எடம் மாத்தினா தாங்காது."

பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று அவரை அனுப்பிவிட்டேன். தினமும் மாலையில் மாடியேறி, பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். முனகல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு சேகர் ஓர் அடையைத் தூக்கி வெயிலில் காட்டினார். அறைக்கு ஒன்றாக, நூல் துணுக்குப் போல வெள்ளை முட்டைகள். புதியவளின் மணத்தை அவை ஏற்றுக்கொண்டிருந்தன.

பெட்டியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு நானும் போகிறேன். கூட்டின் முன்னால் நின்றதும் உங்களைப் போலவே முதலில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். என் மூக்குக்கு எட்டாத ஒரு பெரும் பேச்சு அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் பதறாமல் கையை நீட்டும் பக்குவம் உங்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது.