ஜன்னல் பக்கத்துக் கை

வேலைக்குக் கிளம்பும்முன் அவள், தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்கு ஒரு சீட்டு எழுதினாள். அவனுக்கு வேலை குளிர்பதனக் கிடங்கில். ஐம்பது தாண்டியும் முகம் மொழுமொழுவென்று இருந்தது. அவளோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவனைவிடச் சின்னவள்தான், ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தே ஒரு கையும் அந்தப் பக்கக் கன்னமும் கறுத்து, தோல் வறண்டு சுருங்கிவிட்டது.

"சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. குழாய் ரிப்பேர்காரர் வருவார், வீட்லயே இருங்க. வெயிலுக்குப் போடற என் கிரீமைத் தொடாதீங்க. கிடங்குக்குள்ள எந்த வெயில் அடிக்குது?"

அதோடு விட மனம் வரவில்லை. அடியில் இடுக்கி எழுதினாள்: "நேத்து உங்க ஃப்ரெண்டு என்னைப் பார்த்து 'அக்காவா?'ன்னு கேட்டார். நீங்க சிரிச்சீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. பொண்டாட்டின்னு சொல்ல வாய் வரலையா?"

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது சீட்டின் ஓரத்தில் அவன் எழுதியிருந்தான்: "சொன்னேன். நீதான் அதுக்குள்ள விருட்டுனு உள்ள போயிட்ட. அவன் கூனிக்குறுகிப் போயிட்டான். உன் கார் ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கி வச்சிருக்கேன்."

அவள் திரும்பி, சோபாவில் இருந்தவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு சுருக்கம்கூட இல்லை. எரிச்சல் மறுபடி மூண்டது.

"உங்க ஃப்ரெண்டை இன்னொரு நாள் வரச் சொல்லுங்க," என்றாள். "இந்தத் தடவை நானே சொல்லிக்கறேன்."