நான்கு அடி

வடக்கனந்தல்
3.7.88

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மலையில் நல்ல மழை என்றார்கள்.

இட ஒதுக்கீட்டு மறியலில் மரம் வெட்டிப் போட்ட கேசுக்குப் பயந்து நீங்கள் கல்வராயன் மலையேறியபோது பாப்பாவுக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது. ஐப்பசியில் விழுந்தாள். தையில் முதல் பல் வந்தது. வழக்கப்படி கொழுக்கட்டை செய்து தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். வீட்டில் பலகாரம் என்றதும் நீங்கள் வந்துவிட்டதாக நினைத்து, போலீஸ் வந்து நெல் மூட்டைகளைக்கூடப் பிரித்துப் பார்த்தது. அதனால் பங்குனியில் அவள் வாசப்படி தாண்டியபோது நான் பலகாரம் ஒன்றும் செய்யவில்லை.

வாராவாரம் வரும் ஏட்டு நேற்றும் வந்தார்.

"வூட்டுக்காரரு வந்துட்டுப் போனாராம்மா?"

"இல்லீங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரைப் பிடித்து நின்றிருந்த பாப்பா, கையை விட்டுவிட்டு அவரை நோக்கி நான்கு அடி நடந்தாள். விழப்போனவளை அவர்தான் தாங்கினார்.

"நல்லா நடக்குதே. எப்பலேர்ந்து?"

"இப்பதாங்க. இதான் மொத தபா."

குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

"அவங்கப்பன் பாக்கலியா?"

"இல்லீங்க."

பத்து மாதமாக நான் சொல்வது அதே பதில்தான். நேற்றுதான் நம்பினார்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா